வலத்தோளில் ஒரு கோடு

மேலப்புதூரில் பிறந்து, மாதா கோயில் திருவிழாவுக்குச் சம்மனசு என்கிற தேவதூதர்களுக்கு இறக்கை எழுதிக் கை பழகியவர் ஸ்தனிஸ்லாஸ். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஆனால் அவர் மனசைப் பறிகொடுத்தது என்னவோ ஸ்ரீரங்கத்து ரங்கசாமி ஐயங்காரிடம். ஐயங்காரை அவர் கண்ணால் கண்டதுகூட இல்லை. சென்னையிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்றில் வருஷக்கணக்காகக் கதைகளுக்குப் படம் போட்டவர் ரங்கசாமி ஐயங்கார். வயசான பிறகு சொந்த ஊருக்கே வந்து, அங்கிருந்து தபாலில் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கதையைப் படிக்கப் பத்திரிகை வாங்கினார்கள். ஸ்தனிஸ்லாஸ் கதையைத் தொட்டும் பார்த்ததில்லை.

அவர் தேடுவது ஓர் ஆளை. கல்யாணமோ, தேரோ, தெருச்சண்டையோ, ஐயங்கார் எந்தக் கூட்டத்தை வரைந்தாலும் அதன் ஓரத்தில் ஒருவர் நிற்பார். ஒட்டிய வயிறு, சின்னக் குடுமி, நெற்றியில் திருமண், கக்கத்தில் குடை, வெற்று மார்பில் பூணூலுக்கென்று ஒரே ஒரு சாய்ந்த கோடு. வாய் பாதி திறந்திருக்கும். படத்தில் உள்ள அத்தனை பேரும் வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் படிக்கிற நம்மைப் பார்ப்பார். விரல் நகம் அளவு உருவம்தான். அதற்குள் ஒரு மனுஷன் முழுசாக இருந்தான்.

தென்னூரில் அச்சாபீஸ் வைத்திருந்த வெள்ளைச்சாமி, ‘தெப்பம்’ என்று ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். தொட்டியத்து வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. வாழைத்தார் விற்றுச் சலித்துப் போய்ப் பேப்பர் விற்க வந்தவர்.

“வாத்தியாரே, தலையங்கத்தை எவன் படிக்கிறான்? வாராவாரம் வந்து ஊரைக் கேலி பண்ற மாதிரி ஒரு ஆளைப் புடிச்சுக் குடுங்க. சனங்க சிரிக்கணும், நம்ம முனிசிபாலிட்டிக்காரனுக்குச் சுருக்குனு இருக்கணும்” என்றார்.

எத்தனையோ ஆட்களைப் போட்டுப் பார்த்தார் ஸ்தனிஸ்லாஸ். தொப்பை வைத்த கவுன்சிலர், பல் போன புரோக்கர், கோட்டுப் போட்ட பொய்யர். ஒன்றும் ஒட்டவில்லை. எல்லாம் நாடகத்து வேஷக்காரர்கள் மாதிரி நின்றார்கள். கடைசியில் கை தானாக அந்தக் கூட்டத்து ஓரத்து ஆளிடம் போனது. திருடுகிறோமே என்று அவருக்கு ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்தது. திருட்டு இல்லை, மரியாதை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நாமெல்லாம் அப்படித்தானே சொல்லிக்கொள்வோம்!

ஆனால் நக அளவு உருவத்தைச் சாண் அளவாக்குவது லேசுப்பட்ட காரியமா? அங்கே புள்ளியாக இருந்தது இங்கே கண்ணாக வேண்டும். அந்தப் பாதி திறந்த வாய் என்ன சொல்ல வருகிறது என்று தெரியாமல் உதடு வராது. வாரக்கணக்கில் வரைந்து வரைந்து கிழித்தார். ஒரு நாள் காபி ஆறிக்கொண்டிருக்கையில் அந்த வாயிலிருந்து சொல் வந்துவிட்டது: ‘எதுக்கும் பாக்கலாம்.’

அவ்வளவுதான். ஆள் எழுந்து நின்றுவிட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து சொல்வார்; எதற்கும் துரும்பை நகர்த்த மாட்டார். ‘அபிப்பிராயம் ஆராவமுது’ என்று பெயர் வைத்தார் ஸ்தனிஸ்லாஸ்.

படத்தைச் சென்னைக்கு அனுப்பி, அச்சடிக்கத் துத்தநாகத் தகட்டில் ப்ளாக் செய்து வாங்க வெள்ளைச்சாமிக்குப் பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமை முதல் இதழ் வந்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த மச்சான் ஒருவர், ரயில் பெட்டிக்குத் தரை விரித்து மிஞ்சிய லினோலியம் துண்டு ஒன்றைக் கொடுத்தார். அதில் உளி வைத்துத் தாமே செதுக்கினார் ஸ்தனிஸ்லாஸ். அச்சில் விழும்போது இடது வலதாகும், வலது இடதாகும். அதனால் படத்தைத் திருப்பிப் போட்டுத்தான் செதுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அவரே சொல்லித்தரும் பாடம் இது. ஆனால் வாரக்கணக்காக அந்த உருவத்திலேயே ஊறிக் கிடந்த கை, பார்த்து வரைய எதையும் தேடவில்லை. பென்சிலை எடுத்தது, லினோலியத்தின்மேல் நேராகவே வரைந்தது. படத்தில் எழுத்து இருந்திருந்தால் திருப்புவது நினைவுக்கு வந்திருக்கும். எழுத்தெல்லாம் ஈயத்தில் தனியாகக் கோப்பது.

முதல் தாள் மெஷினை விட்டு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். குடை மறு கக்கத்துக்குப் போயிருந்தது. மற்றபடி நேராகப் பார்க்கிற முகம், நடுநெற்றியில் திருமண், எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

“குடை எந்தக் கக்கத்துல இருந்தா என்ன வாத்தியாரே, மழை பேயுறப்போ அந்தாளு விரிக்கவா போறான்?” என்று சிரித்தார் வெள்ளைச்சாமி.

ஸ்தனிஸ்லாஸும் சிரித்துவிட்டார். அந்தச் சாய்ந்த கோடும் தோள் மாறியிருந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அவர்களுக்கு அது வெறும் கோடுதான்.

ஊர் கொண்டாடியது. குழாயில் தண்ணீர் வராமல் பெண்கள் குடத்தோடு நிற்கும் தெருவில் ஆராவமுது வந்து சொன்னார்: ‘தப்பு குழாய்மேல இல்லை. குடத்துக்கு வாய் சிறிசு. எதுக்கும் பாக்கலாம்.’ அடுத்த வாரம் சாக்கடை ஓரம்: ‘நாத்தம் ஒண்ணும் ஜாஸ்தி இல்லை. நம்ம மூக்குக்குப் பழக்கம் போறாது. எதுக்கும் பாக்கலாம்.’ அதே ப்ளாக், அடியில் மட்டும் வேறு வேறு வரி. பஸ்ஸில் யாராவது வழி மறித்து நின்றால், “என்ன ஆராவமுது, பாக்கலாமா?” என்று பின்னாலிருந்து குரல் வரும். ‘தெப்பம்’ தெப்பமாக மிதந்து கரை சேர்ந்துவிட்டது என்று வெள்ளைச்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஸ்தனிஸ்லாஸின் காது மட்டும் காவிரிக்கு அந்தப் பக்கமே இருந்தது. முதல் இதழிலிருந்து ஒவ்வொன்றையும் ஸ்ரீரங்கத்துக்குப் புக்போஸ்ட்டில் அனுப்பிவந்தார். ரங்கசாமி ஐயங்காரிடமிருந்து ஒரு வார்த்தை வராதா? நன்றாக இருக்கிறது என்றோ, ஏன் ஐயா என் ஆளை எடுத்தீர் என்றோ, ஏதாவது ஒன்று. ஊரே சிரித்தது ஒரு தட்டு, அந்த ஒரு மனுஷன் சொல் ஒரு தட்டு. ஆனி பிறந்தும் ஒன்றும் வரவில்லை.

“நேரா போய்க் கேட்டுட்டு வாங்க. இப்படி வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்தா எனக்குத்தான் பைத்தியம் புடிக்குது” என்று துரத்தினாள் மனைவி பேட்ரிசியா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சலவைச் சட்டையோடு பஸ் ஏறினார். பாலத்தில் பஸ் போகையில், ஐயங்கார் கதவைத் திறந்ததும் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

கதவைத் திறந்தது ஐயங்கார் இல்லை. அவர் மனைவி ரெங்கம்மாள். மடிசாரும் கழுத்தில் தாலிச்சரடு மட்டுமாக, ஊணுறக்கம் இல்லாத முகத்தோடு நின்றாள்.

“யாரு வேணும்?”

“வணக்கம்மா. நான் ஸ்தனிஸ்லாஸ், டிராயிங் மாஸ்டர். ‘தெப்பத்துல’ ஆராவமுது வரையறவன். ஐயாவைப் பாத்து ஒரு நமஸ்காரம்…”

அவள் முகம் கல்லானது. “நீர்தானா அது?” என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். “வாரும். உள்ளே வந்து நன்னாப் பாத்துட்டுப் போம்.”

முன்கூடத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. சின்ன வயசு. கோட்டு, சிரித்த முகம், படத்துக்குத் துளசி மாலை.

“எங்க சௌந்தரம். ஒரே பிள்ளை” என்றாள் ரெங்கம்மாள். “சித்திரையில ஜுரம்னு மெட்ராஸ்லேர்ந்து வந்து படுத்தான். உம்ம முதல் பேப்பர் அப்பத்தான் வந்தது. படுக்கையில அவன்தான் பிரிச்சான். ‘அம்மா, இங்க வா, இதோ அப்பா!’ன்னு சிரிச்சான். சின்னவனா இருக்கறச்சேலேர்ந்து அதானே அவனுக்கு விளையாட்டு! பத்திரிகை வந்தா கூட்டத்துல தேடித் தேடி, ‘இதோ அப்பா’ம்பான். அவன் தேடணும்னுதானே இவர் தன்னையே போட்டு நிறுத்தினார்.”

கூட்டத்து ஓரத்து ஆள் ஐயங்கார்தான். எல்லோரும் வேடிக்கையைப் பார்க்க, அவர் மட்டும் நம்மைப் பார்த்தது ஏன் என்று இப்போது புரிந்தது. அவர் பார்த்தது நம்மை இல்லை, தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையை.

“சிரிச்சவன், அப்பறம் உத்துப் பாத்தான். ‘ஏம்ப்பா, பூணூல் ஏன் வலத்தோள்ல இருக்கு?’ன்னான்.” ரெங்கம்மாள் நிறுத்தினாள். ஸ்தனிஸ்லாஸ் விழித்ததைப் பார்த்து, “தெரியாதா உமக்கு? நல்ல நாள்ல இடத்தோள்ல இருக்கும். செத்தவாளுக்குக் காரியம் பண்றச்சேதான் வலத்தோளுக்கு மாத்திப்பா. சொந்தப் பிள்ளை கண்ணால அதைப் பாத்துட்டுப் போனான். அடுத்த பேப்பர் வரச்சே, இவர் நீர் வரைஞ்ச மாதிரியே போட்டுண்டு, பிள்ளைக்குத் தர்ப்பையும் கையுமா உக்காந்திருந்தார்” என்றாள்.

ஸ்தனிஸ்லாஸ் கையைக் கூப்பினார். “அம்மா, சத்தியமா… அது ப்ளாக்குல… செதுக்குறப்போ திருப்ப மறந்துட்டேன். எனக்கு அந்தக் கோட்டுக்கு அர்த்தமே தெரியாது.”

“தெரியாமதான் வரைஞ்சீர். நடந்துடுத்தே!”

“ரெங்கா, போறும்.” உள்ளறை வாசலில் நின்றார் ரங்கசாமி ஐயங்கார். அதே ஒட்டிய வயிறு, அதே குடுமி. கக்கத்தில் குடை ஒன்றுதான் குறை. வருஷக்கணக்காகத் தேடித் தேடிப் பார்த்த ஆள் நேரில் நிற்க, ஸ்தனிஸ்லாஸால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“ப்ளாக் தப்புன்னு பாத்த உடனே எனக்குத் தெரியும்” என்றார் ஐயங்கார். “நிழல் கோடெல்லாம் இடதுகைக்காரன் போட்டாப்ல சாஞ்சிருந்தது. பூணூல் போட்டவாளைச் சந்தி சிரிக்க வைக்கறான்னு வீதியில நாலு பேர் குதிச்சா. அந்த மாதிரி பேச்சு மேடைக்கு மேடை நடக்கற காலம் பாரும். இல்லை, தொழில்ல நேர்ற தப்புன்னு அவாகிட்ட சொன்னேன். சௌந்தரத்துகிட்டயும் அதையேதான் சொன்னேன். அவனும் சிரிச்சான். புத்திக்குத் தெரியறது ஓய். ஆனா கண்ணை மூடினா அந்தக் கோடுதான் வந்து நிக்கறது. பேனாவைத் தொட முடியலை.”

“கோடு மட்டுமா?” என்றாள் ரெங்கம்மாள். இப்போது அவள் பார்வை புருஷன்மேல் இருந்தது. “ஜுரம் இறங்கலை, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம்னு தலையால அடிச்சுண்டேன். என்ன சொன்னார் தெரியுமா உமக்கு? கஷாயம் கேக்கறதாம், ஜுரம்னா நாலு நாள் இருக்கத்தான் இருக்குமாம், எதுக்கும் பாக்கலாமாம்! உம்ம ஆள் சொல்றானே, அதே சொல். ஊர் முழுக்க இவரைப் பாத்துச் சிரிக்கறது. நான் எங்க போய் அழறது?”

ஐயங்கார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஐயோ, எப்பேர்ப்பட்ட சொல் அது! ஒரு வாயின் வளைவைப் பார்த்து ஸ்தனிஸ்லாஸ் கண்டுபிடித்தது. அதற்காக எத்தனை பெருமைப்பட்டிருந்தார். ஐயங்கார் தம்மைத் தாமே எவ்வளவு உண்மையாக வரைந்திருந்தால், முகம் தெரியாத ஒருவனுக்கு அந்தச் சொல் கேட்டிருக்கும்! நல்ல கோடு இப்படியும் ஒரு வீட்டுக்குள் வந்து நிற்குமா?

“அம்மா, உங்க வாயால போடுன்னு சொல்ற வரைக்கும் ஆராவமுது அச்சேறாது. இது மாதாமேல ஆணை” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

“நான் சொல்ல மாட்டேன்” என்றாள் ரெங்கம்மாள்.

வீட்டுக்கு வந்து பேட்ரிசியாவிடம் சொன்னபோது, தொழிலில் நேர்ந்த பிழைதானே என்று அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “புள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு யாரையாவது பழி சொல்லித்தானே ஆகணும். சொல்லட்டும், நீங்க வாங்கிக்கங்க” என்றாள்.

அச்சாபீஸிலிருந்து ப்ளாக்கை எடுத்துவந்து அலமாரியில் பூட்டினார். ஆராவமுது இல்லாமல் ‘தெப்பம்’ வந்தது. மறு வாரமும் வந்தது. வெள்ளைச்சாமி வீட்டுக்கே வந்துவிட்டார்.

“கடைக்காரன்லாம் பேப்பர்க் கட்டைத் திருப்பி அனுப்புறான் வாத்தியாரே. உங்க சங்கடம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா பத்து குடும்பம் அச்சாபீஸை நம்பி இருக்கு. பழைய பேப்பர் ஒண்ணை மெட்ராஸுக்கு அனுப்பினா தகட்டுல அச்சு அசலா ப்ளாக் பண்ணிக் குடுத்துருவான். அது நம்ம ஆயுசுக்கும் தேயாது” என்றார்.

அந்த வலத்தோள் கோடு தகட்டில் ஏறி ஆயுசுக்கும் நிற்கும். “ஆடிப்பெருக்கு இதழ் வரைக்கும் டயம் குடுங்க” என்று கெஞ்சினார். வெள்ளைச்சாமி முனகிக்கொண்டே சம்மதித்தார்.

ஆராவமுதை என்ன செய்வது? தோளை மாற்றிவிட்டால் போதுமா? அந்த வாய் இருக்கிறதே. வாயை மூடினால் அது ஆராவமுது இல்லை. திறந்தால் அந்த அம்மாள் காதில் அதே சொல்தான் விழும். பழைய பத்திரிகைகளை எடுத்துப் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தார். விரல் நகம் அளவில் ஐயங்கார் நின்றார், ஒரு சொல்லும் சொல்லாமல். அந்த ஆளைக் கூட்டத்திலிருந்து பிய்த்தெடுத்துப் பெரிதாக்கி, வாயில் சொல்லைத் திணித்தது யார்? தாம்தானே!

புதிதாக ஒரு துண்டு லினோலியம் வாங்கினார். அம்மாமண்டபத்துப் படித்துறையில் ஆடிப்பெருக்குக் கூட்டம். காதோலை கருகமணியோடு பெண்கள், தண்ணீரில் விளக்கு விடும் கைகள், தோளில் பிள்ளையோடு ஒரு விவசாயி, பொரிக்கடை, குடம், குதிக்கிற பையன்கள். இந்தத் தடவை படத்தை மெல்லிய தாளில் எழுதி, கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு கோட்டையும் கண்ணாடியில் காட்டிச் சரிபார்த்தபிறகே உளியைத் தொட்டார். விரல் ஓரத்தில் உளி பட்டு ரத்தம் வந்தது. துடைத்துவிட்டுச் செதுக்கினார். ஆராவமுதை எங்கே வைத்தார் என்று பேட்ரிசியாவுக்கே சொல்லவில்லை. அடியில் வரி எதுவும் இல்லை.

ஈரம் காயாத தாளோடு ஸ்ரீரங்கம் போனார். ரெங்கம்மாள் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

“இன்னும் அச்சுப் போடலம்மா. ஒரே ஒரு தாள். நீங்க வேணாம்னா இங்கேயே கிழிச்சுட்டுப் போயிடறேன். ப்ளாக்கையும் காவிரியில போட்டுடறேன்.”

அவள் தாளை வாங்கினாள். கூடத்து வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். தூரத்தில் வைத்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். அந்த வீட்டில் புருஷன் வரைந்தார், பிள்ளை தேடினான். அவளுக்கு அடுப்படி வேலையே சரியாக இருந்தது. ஒரு நாளும் அவள் தேடியதில்லை.

“எங்க இருக்கான் உம்ம ஆள்? காணோமே” என்றாள்.

ஸ்தனிஸ்லாஸ் காட்டவில்லை. சொல்லவும் இல்லை.

அவள் விரல் படித்துறையின் மேல் படியில் தொடங்கியது. பெண்களைத் தாண்டி, விளக்குகளைத் தாண்டி, பொரிக்கடையைச் சுற்றிக்கொண்டு மெல்ல நகர்ந்தது. உள்ளறையிலிருந்து ரங்கசாமி ஐயங்கார் வந்து தூணருகே நின்றதை அவள் கவனிக்கவில்லை. விரல் மண்டபத்துக் கடைசித் தூணுக்குப் போனது; அங்கே நின்றது. ஒட்டிய வயிறு, குடுமி, கக்கத்தில் குடை, இடத்தோளிலிருந்து ஒரே ஒரு சாய்ந்த கோடு. ஆற்றைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு.

“இதோ அப்பா” என்றாள் ரெங்கம்மாள்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஐயங்கார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கருத்தும் சொல்லவில்லை. அவள் கை போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டது. ஸ்தனிஸ்லாஸ் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்து வந்தாள். மை கொஞ்சம் ஈஷிப் போயிருந்த தாளை அவரிடம் நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“இது எங்ககிட்டயே இருக்கட்டும்” என்றாள். “நீங்க அச்சுப் போடுங்கோ.”